உனாவின் செத்தவீட்டில் சாக்சபோன்

1

அழைப்பிதழ் ஒரு தபால் அட்டையாக வந்தது. முன்பக்கத்தில் உனாவின் படம், சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற முகம். பின்பக்கம் பிரெஞ்சில் நாலே வரி: உனாவின் வாழ்வைக் கொண்டாடுகிறோம், அவருடைய கதைகளிலிருந்து வாசிப்பு, இடையிடையே ஜாஸ் இசை, தயவுசெய்து நிறமான உடையில் வாருங்கள். கீழே வாசிப்பவர்களின் பெயர்கள். நாலாவது பெயர் என்னுடையது, சுகந்தி. இசைப்பவர்கள் மூன்று பேர், அதில் சாக்சபோன் வாசிப்பது என் மகள் ஆரணி.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உனா, சுவிஸின் லோசானில் எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த ஐரிஷ் எழுத்தாளர். இந்த வருடம் வசந்தத்தில் காலமானார். பாதிரியார் வேண்டாம், பிரசங்கம் வேண்டாம், வாசிப்பும் ஜாஸும் போதும் என்று தானே சொல்லிவைத்துவிட்டுப் போனவர். கடைசி நாட்களில் என் கையைப் பிடித்து, "ஒரு கதையாவது தமிழில் கேட்க வேண்டும், நீங்கள்தான் வாசிக்க வேண்டும்" என்றார். நான் ஓம் என்றேன். அப்போது என் அம்மா யாழ்ப்பாணத்தில் உயிரோடு இருந்தார்.

அட்டை வந்தபோது அம்மா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. காலையில் அதைக் குளிர்சாதனப்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினேன். பின்னேரம் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன்.

எங்கள் ஆட்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. பெற்ற தாய் போனால் ஆட்டைத் திவசம் முடியும்வரை, அதாவது ஒரு வருடம், பிள்ளைகள் எந்தக் கொண்டாட்டத்துக்கும் போவதில்லை. கலியாணம் இல்லை, பிறந்தநாள் இல்லை, பாட்டுக் கச்சேரி இல்லை. தீபாவளிக்கு வீட்டில் பலகாரம் சுடுவதும் இல்லை. இப்போது அந்த அட்டையை மறுபடி பாருங்கள். கொண்டாட்டம் என்றிருக்கிறது, இசை என்றிருக்கிறது, போதாக்குறைக்கு நிறமான உடை. தவிர்க்க வேண்டியவற்றை ஒருவர் மினக்கெட்டுத் தேடி எழுதினாலும் இப்படி அமையாது.

2

உனாவை நான் அறிந்தது எழுத்தாளராக அல்ல, உடுப்புத் தோய்க்கிற அறையில்.

சுவிஸ் அடுக்குமாடிகளில் பெரும்பாலும் தோய்க்கிற இயந்திரம் வீட்டுக்குள் இருப்பதில்லை. நிலக்கீழ் அறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று இருக்கும். எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று சுவரில் அட்டவணை தொங்கும். எங்களுக்கு வியாழன், உனாவுக்குச் செவ்வாய். தன்னுடைய தோய்க்கிற நாளை அடுத்தவருக்குக் கொடுக்கிற ஒருவரை இந்த நாட்டில் அதுவரை நான் கண்டதில்லை. சிறுநீரகம் கேட்டால்கூட யோசித்துச் சொல்கிறேன் என்பார்கள். தோய்க்கிற நாளைக் கேட்டால் முகம் மாறிவிடும்.

நாங்கள் அந்தக் கட்டடத்துக்கு வந்தது 2009இன் தொடக்கத்தில். அந்த மே மாதம் போரின் முடிவில் ஊரில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாங்கள் வேலை முடிந்ததும் ரயிலேறி ஜெனீவாவுக்குப் போவோம், கறுப்பு உடுத்து ஐ.நா. முன்றலில் நிற்போம், கடைசி ரயிலில் திரும்புவோம். வீடு வீடாக இல்லை. ஆரணிக்கு ஒன்பது வயது, பக்கத்து வீட்டில் சாப்பிட்டாள். இரண்டு வியாழக்கிழமைகள் தவறிவிட்டன. தோய்க்கலாம் என்று கீழே கொண்டுபோன கூடை அந்த அறையின் மூலையில் அப்படியே கிடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தபோது கூடை எங்கள் வாசலில் இருந்தது. எல்லாம் தோய்த்து, காயவைத்து, மடித்து அடுக்கியிருந்தது. கறுப்பு உடுப்புகள் மட்டும் தனியாக மேலே இருந்தன, நாளைக்கு எடுத்துப் போட வசதியாக. அதில் என் கறுப்புச் சேலையும் இருந்தது. கட்டடத்தில் ஒருவரும் அந்த மாதம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. உனாவும் கேட்கவில்லை. தன் செவ்வாயை எனக்குத் தந்திருந்தார்.

மேலே போய்க் கதவைத் தட்டி, சேலையை எப்படித் தனியாளாக மடித்தீர்கள் என்றுதான் முதலில் கேட்டேன்.

"ஒரு தலைப்பைக் கதவுப்பிடியில் கட்டிவிட்டு மற்றத் தலைப்போடு நடந்துபோனேன்" என்றார் உனா. "வாசல்வரை போய்விட்டேன். எவ்வளவு நீளமான உடுப்பு."

எங்கள் இருவருக்கும் பிரெஞ்சு இரவல் மொழி. அவர் பேசும்போது ஐரிஷ் வாசம் வரும், நான் பேசும்போது யாழ்ப்பாணம் வரும். ஒருமுறை வீட்டில் குலம், என் கணவர், இல்லை என்பதற்கு, கடைக்கதவில் பார்த்த சொல்லைப் போட்டு, "என் கணவர் மூடியிருக்கிறார்" என்று கட்டட நிர்வாகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். உனா அதைக் கேட்டுவிட்டு, தன் வாழ்நாளில் இரண்டு கணவர்களும் அப்படித்தான் இருந்தார்கள் என்றார்.

அவர் எழுதுகிறவர் என்பது எனக்கு நெடுங்காலம் தெரியாது. ஓய்வுபெற்ற தாதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

ஆரணி பன்னிரண்டு வயதில் சாக்சபோன் தொடங்கினாள். நாங்கள் வயலின் என்றோம், மிருதங்கம் என்றோம். பிள்ளை பள்ளிக்கூடத்தில் பித்தளைக் குழலைக் கண்டு பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தம் தாங்கவில்லை என்று கட்டட நிர்வாகத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. எந்த நேரம் ஊதலாம், எந்த நேரம் ஊதக்கூடாது என்று விதிகளும் வந்தன. அந்தக் கிழமை உனா எங்கள் கதவைத் தட்டினார். இவரும் முறைப்பாடு சொல்லத்தான் வருகிறார் என்று நான் வாயெடுத்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"மூன்றாவது பாட்டு அவசரமாகப் போகிறது" என்றார் ஆரணியைப் பார்த்து. "அந்தப் பாட்டில் வருகிறவனுக்கு எங்கும் போக அவசரமில்லை. நாளைக்கு என் வீட்டில் வந்து ஊது. எனக்கு மேலே கூரைதான் இருக்கிறது."

அப்படித்தான் என் மகள் உனாவின் வீட்டில் வளரத் தொடங்கினாள். அவர் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் நின்று ஊதுவாள். என்னோடு பிரெஞ்சில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன். அது இந்த நாட்டில் எல்லாத் தமிழ் வீட்டிலும் நடப்பதுதான். கோயிலுக்கு வருவது நின்றது, நடன வகுப்பு நின்றது, சோறு நின்று பாணும் சீஸும் ஆனது. போன வருடம் மூன்று தோழிகளோடு வேறு வீடெடுத்துப் போனாள். வியாழக்கிழமைகளில் உடுப்புப் பையோடு வருவாள். எங்கள் தோய்க்கிற நாளை மட்டும் அவள் மறக்கவில்லை. எனக்கு அது கோபமும் சந்தோசமுமாக இருந்தது.

4

அம்மா போன விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டினால் எழுத முடியாது.

அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கு இந்த நாடு ஒரு பயணப் பத்திரம் தருகிறது. அது எல்லா நாடுகளுக்கும் செல்லும், இலங்கைக்கு மட்டும் செல்லாது. சுவிஸ் குடியுரிமை எடுத்தால்தான் போகலாம். குலம் டாவோஸ் ஹோட்டலில் கோப்பை கழுவிய காலத்தில் நாங்கள் அங்கே ஜெர்மன் படித்தோம். விண்ணப்பிக்கலாம் என்று வந்த நேரம் வேலை தேடி லோசானுக்கு மாறினோம். மாநிலம் மாறினால் இருந்த வருடங்களின் கணக்கு மறுபடி தொடங்கும், மொழியும் பிரெஞ்சாக மாறும். நான் மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்துகொண்டு, நாற்பது வயதுக்குப் பிறகு புதிதாக இன்னொரு மொழியின் வினைச்சொற்களைப் பாடமாக்கினேன். சோர்ந்து விட்டுவிட்டேன். உனாதான் விடவில்லை. தோய்க்கிற அறையில் வைத்துக் கேள்வி கேட்பார். ஏரிகளின் பெயர் சொல்லு, மாநிலங்களைச் சொல்லு, அரசாங்கத்தில் எத்தனை பேர். அவருடைய பிடுங்கல் தாங்காமல் விண்ணப்பித்தேன்.

விண்ணப்பம் எங்கோ ஒரு மேசையில் கிடந்தபோது அம்மா போய்விட்டார்.

என் பெரியண்ணை சூரிச் பக்கம் அட்லிஸ்வில்லில் இருக்கிறார். அவரிடம் சுவிஸ் கடவுச்சீட்டு உண்டு. உடனே பறந்தார், கொள்ளி வைத்தார். நான் தொலைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்கரிசி போடுகிற நேரம், ஊரில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட மச்சாள் ஒரு பிடி அரிசியை எடுத்து, "மாமி, இது சுகந்தி போடுறது" என்று சொல்லிப் போட்டாள். அவ்வளவுதான் நான் என் அம்மாவுக்குச் செய்தது.

5

வாசிப்புக்கு இரண்டு கிழமை இருக்கும்போது பெரியண்ணை தொலைபேசி எடுத்தார். அவர் சுற்றிவளைத்துப் பேசுகிறவர் அல்ல.

"சுகந்தி, உன்ர பேர் போட்ட நோட்டீஸ் ஒண்டு வட்சப்பில வந்தது."

"ஓம் அண்ணை."

"கொண்டாட்டம் எண்டு போட்டிருக்காம். பிள்ளையள் வாசிச்சுச் சொன்னவை."

"உனா செத்ததுக்கு வைக்கினம் அண்ணை."

"செத்ததுக்கு ஆரும் சாக்சபோன் ஊதுவினமோ?"

நான் அலுமாரியைத் திறந்து அந்த அட்டையைப் பார்த்தேன்.

"இஞ்ச பார்" என்றார். குரல் தணிந்திருந்தது. அவர் கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "உன்னால வரேலாமப் போச்சு. அது உன்ர பிழை இல்லை. ஆனா ஒரு வருசம் ஒதுங்கி இருக்கிறது உன்னால ஏலும். அம்மாவுக்கு நீ செய்யக்கூடியது இனி அது ஒண்டுதான். அதையும் விட்டிட்டியெண்டால் வேற என்ன இருக்கு?"

தொலைபேசியை வைத்த பிறகு அப்படியே குந்தியிருந்தேன். அண்ணை சொன்னது சுட்டது. அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஒரு பக்கம் செத்துக்கொண்டிருந்த மனிசிக்குக் கொடுத்த வாக்கு. மறுபக்கம் அம்மாவுக்கென்று என் கையில் மிஞ்சியிருந்த ஒரே காரியம்.

குலம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"செத்தவீடெண்டால் போகலாம்தானே?" என்றார்.

"அது செத்தவீடுதான் எண்டு ஆர் சொல்லுறது?"

"ஒரு மனிசி செத்திருக்கிறா. சனத்தைக் கூப்பிட்டிருக்கினம். வந்தவைக்குச் சாப்பாடு குடுப்பினம். இதைவிட வேற என்ன வேணும்?"

"சிவப்பும் மஞ்சளும் உடுத்துக்கொண்டு வரட்டாம்."

"அது அவையின்ர வெள்ளை" என்றார் குலம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா உன்ர அண்ணைக்கு நான் மறுமொழி சொல்லமாட்டன், அதையும் இப்பவே சொல்லிப்போட்டன்" என்றார்.

இசையைப் பற்றியும் யோசித்தேன். எங்கள் செத்தவீடுகள் மௌனமாகவா இருந்தன? பறை அடிக்காமல் எங்கள் தெருவில் ஒரு பிரேதம் எழும்பியதில்லை. நாலு வீடு தள்ளிக் கேட்கும், வயிற்றுக்குள் போய் இடிக்கும். அடித்தவர்களைப் படலைக்கு வெளியே நிறுத்திவைத்தோம், உள்ளே கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கொடுத்ததில்லை. அதையும் சொல்லாமல் எங்கள் முறையைப் பற்றிப் பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. இங்கே வாத்தியக்காரியாக நிற்கப்போவது என் மகள்.

இவ்வளவு நியாயம் பேசியும் மனம் ஒப்பவில்லை. அட்டை அலுமாரிக்குள்தான் கிடந்தது.

6

முடிவு வந்தது ஒரு வியாழக்கிழமை, ஆரணி உடுப்போடு வந்த அன்று.

நான் போகப்போகிறேனா இல்லையா என்பது அவளுக்குத் தெரியாது. ஒத்திகை பார்க்க வேண்டும் என்று சாக்சபோனையும் கொண்டுவந்திருந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது, நாங்கள் தோய்க்கிற அறையிலேயே இருந்தோம். உனா கேட்டதற்காக நான் தமிழாக்கி வைத்திருந்த கதையை வாசித்தேன்.

உனாவின் அந்தக் கதை ஒரு வழக்கத்தைப் பற்றியது. முன்னொரு காலத்தில் அயர்லாந்தில் ஒரு பிள்ளை அமெரிக்காவுக்குக் கப்பலேறப் போனால், முதல் நாள் இரவு அந்த வீட்டில் செத்தவீடு நடத்துவார்களாம். போகிறவள் உயிரோடு நடுவில் இருப்பாள். அயலவர்கள் வருவார்கள், பிடில் வாசிப்பார்கள், ஆடுவார்கள், விடிய விடியத் தேநீர் கொடுப்பார்கள். பிரேதத்தோடு விழித்திருக்கிற அதே முறை. போனவள் திரும்பி வரமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் இருக்கும்போதே செய்துவிடுவார்கள். உனாவின் கதையில் போகிறவள் பெயர் பிரிஜெட். விடிகிறது, அவள் பெட்டியைத் தூக்குகிறாள். தெரு முடக்குவரை தங்கைமார் கூடப் போகிறார்கள். தாய் மட்டும் வாசலுக்கு வரவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. விளக்குமாற்றை எடுத்து, ஆடியவர்களின் காலில் வந்த மண்ணைக் கூட்டத் தொடங்குகிறாள்.

ஆரணிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் நான் எங்கே மூச்சு எடுக்கிறேன் என்று பார்த்து அந்த இடத்தில் ஊதுவதாக ஏற்பாடு. ஒரே பந்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்தாள், அன்று அவளும் தமிழிலேயே பேசினாள். "இன்னொருக்கா அம்மா. இவ்வளவு கெதியா இல்லை." ஒரே மூச்சில் நான் அவளுக்கு ஒருநாளும் சொல்லாத அளவு தமிழை அன்று என் வாயிலிருந்து அவள் கேட்டாள்.

தாய் கூட்டுகிற இடம் வந்தபோது சாக்சபோனைக் கீழே இறக்கினாள்.

"அம்மா, இந்தத் தாய் ஏன் ஒண்டும் சொல்லேல்லை? மகளோட கோவமோ?"

"இல்லை பிள்ளை. செத்தவீட்டில போட்டு வா எண்டு சொல்லுறேல்லை."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

எங்கள் முறை அது. சாதாரணமாக வீட்டைவிட்டுப் போகிறவர் 'போட்டு வாறன்' என்பார், இருப்பவர் 'போட்டு வா' என்பார். செத்தவீட்டில் மட்டும் அது கிடையாது. யாரும் சொல்லிக்கொண்டு போகக்கூடாது, யாரும் வா என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழும்பிப் போய்விட வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தை விட்டு வந்த காலையில், "போட்டு வாறன் அம்மா" என்றேன். அம்மா மறுமொழி சொல்லவில்லை. வாசலுக்கும் வரவில்லை. அடுப்படிக்குள் போனார், சட்டி கழுவுகிற சத்தம் கேட்டது. அவருக்குப் பிடிக்காத இடத்தில் கலியாணம் பேசி நான் வெளிநாடு போகிறேன் என்ற கோபம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தே இத்தனை வருடம் அம்மாவோடு தொலைபேசியில் கதைத்திருக்கிறேன். காசு கிடைத்ததோ, மருந்து குடிச்சதோ என்று கேட்டிருக்கிறேன். ஏன் அன்றைக்குப் பேசவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கோபம் இல்லை. அம்மா எனக்குச் செத்தவீடு செய்துவிட்டுத்தான் என்னை அனுப்பியிருக்கிறார். பிடில் இல்லை, ஆட்டம் இல்லை, அயலவர்கூட இல்லை. அந்தக் காலத்தில் போகிற விஷயம் வெளியே தெரியவும் கூடாது. தனியே நின்று சட்டி கழுவினார்.

நான் தோய்க்கிற அறையில் இருந்து அழுதேன், அழுதழுது அந்தக் காலையை ஆரணிக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவள் எங்கள் உடுப்பை இயந்திரத்திலிருந்து எடுத்து மடிக்கத் தொடங்கினாள். சேலையின் ஒரு தலைப்பைக் கதவுப்பிடியில் கட்டினாள். அந்த முறையை யாரிடம் பழகினாள் என்று எனக்குத் தெரியும்.

அம்மாவை எனக்கு விளங்கவைத்த கதை அது. அன்றைக்கே பெரியண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, நான் போறன்."

"எங்க?"

"உனாவின்ர செத்தவீட்டுக்கு. வாசிக்கப் போறன். கோவமெண்டால் கோவிச்சுக்கொள்ளுங்கோ, நான் குறை நினைக்கமாட்டன்."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

7

வாசிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் பகுதிப் பொதுமண்டபத்தில். நான் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தால் உள்ளே முழுக்கச் சிவப்பு, மஞ்சள், பச்சை. ஒருவர் கிளிப்பச்சைக் காற்சட்டை போட்டிருந்தார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏற்பாடு செய்த கிளேர், பகுதி நூலகத்தில் வேலை செய்கிறவர், ஓடிவந்து கட்டிப்பிடித்தார்.

"நிறமான உடை என்று போட்டிருந்தோமே" என்றார் மெதுவாக.

"இது எங்கள் நிறம்" என்றேன். குலத்திடமிருந்து கடன் வாங்கிய பதில்தான், ஆனாலும் சொல்ல நன்றாக இருந்தது.

மேடையில் வெறும் கதிரையில் உனாவின் படம். பக்கத்தில் அவருடைய பச்சைத் தொப்பி. மாலை இல்லை, விளக்கு இல்லை. கை துருதுருத்தது, அடக்கிக்கொண்டேன்.

மூன்று பேர் வாசித்தார்கள், பிரெஞ்சில் இருவர், ஆங்கிலத்தில் உனாவின் அக்காவின் மகள். அவர்களுக்கு நடுவே பியானோவும், கொன்ட்ரபாஸ் என்ற ஆளுயர நரம்புவாத்தியமும், என் மகளின் சாக்சபோனும். சனம் சிரித்தது, கால் தட்டியது. பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். கதையை ஏற்கெனவே பிரெஞ்சில் சொல்லியிருந்தபடியால் எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தமிழ் தெரிந்தவர்கள் மண்டபத்தில் மூன்று பேர். நான், ஆரணி, பின்வரிசையில் வேலை உடுப்போடு வந்து நின்ற குலம்.

நான் வாசிக்கத் தொடங்கினேன். ஆட்டம் நடக்கிற இடத்தில் ஆரணி துள்ளலாக ஊதினாள். விடிகிற இடத்தில் இழுத்து ஊதினாள். தாய் விளக்குமாற்றை எடுத்ததும் நிறுத்தினாள். நான்கு வரிக்குப் பிறகு மறுபடி தொடங்குவதாக எங்கள் ஏற்பாடு. அவள் தொடங்கவில்லை. கடைசி வரிவரை என்னைத் தனியே வாசிக்க விட்டாள். முடிந்த பிறகும் சிறிது நேரம் சாக்சபோனை வாயில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். பிறகு, அந்தப் பழைய மூன்றாவது பாட்டை, அவசரமே இல்லாமல் ஊதினாள்.

எல்லாம் முடிந்து வைனும் கேக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குலம் வேலைக்குத் திரும்பியிருந்தார். நான் என் பையை எடுத்துக்கொண்டு ஒருவரிடமும் சொல்லாமல் வெளியே வந்தேன். செத்தவீடு என்று வந்த பிறகு முறைப்படித்தானே போக வேண்டும்? வீட்டுக்குப் போய்த் தலையில் தண்ணீர் வார்க்க வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டு பஸ் தரிப்பில் நின்றேன்.

இந்த ஊரில் ஒருவரிடமிருந்து விடைபெறுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. இருக்கிற ஒவ்வொருவரிடமும் போய், கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்துச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். இருபது பேர் இருந்தால் இருபது பேரிடமும். சொல்லாமல் போனால் ஏதோ பெரிய கோபம் என்று அர்த்தம்.

ஆரணி கழுத்தில் சாக்சபோன் தொங்கத் தொங்க ஓடிவந்தாள்.

"அம்மா, எங்க போறீங்கள்? அவை உங்களைத் தேடீனம். கிளேர் அழுறா, தாங்கள் உங்களுக்கு என்ன பிழை விட்டதெண்டு தெரியேல்லையாம். தன்ர உடுப்புக் கதையால வந்ததோ எண்டு கேக்கிறா."

"செத்தவீட்டில சொல்லிக்கொண்டு வாறேல்லைப் பிள்ளை. உனக்குச் சொன்னனான்தானே."

"எனக்குத் தெரியும். அவைக்குத் தெரியாது."

பஸ் வருவது தெரிந்தது. அவள் என் பையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த பிரிஜெட் திரும்பி வந்தவளோ அம்மா?"

"இல்லை."

"அவளின்ர தாய் சொல்லாததால அவள் வரேல்லை. அம்மம்மாவும் சொல்லேல்லை. நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லாமப் போறீங்கள்." மூச்சு வாங்கினாள். தமிழிலேயே சொல்லி முடிக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொற்களைத் தேடினாள். "ஆரோ ஒராள் சொல்லத்தானே வேணும்."

பஸ் நின்றது, கதவு திறந்தது. சாரதி என் வெள்ளைச் சேலையையும் மகளின் சாக்சபோனையும் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்தார். நான் ஏறவில்லை.

திரும்பி மண்டபத்துக்குள் போனேன். கிளேருக்கு மூன்று முத்தம், உனாவின் அக்கா மகளுக்கு மூன்று, கிளிப்பச்சைக் காற்சட்டைக்காரருக்கும் மூன்று. எங்கள் முறையைக் கிளேருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் மறுபடி அழுதார், இந்த முறை வேறு காரணத்துக்கு. எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியாகக் கதிரையடிக்குப் போனேன். செத்தவர் படத்துக்கு முன்னால் நின்று எங்கள் ஆட்கள் எவரும் சொல்லத் துணியாததை, மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னேன்.

"போட்டு வாறன் உனா."

8

அடுத்த கிழமை பெரியண்ணை தொலைபேசி எடுத்தார். வாசிப்பைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆட்டைத் திவசத்துக்குத் தான் ஊருக்குப் போவதாகவும், தேங்காய் முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் மச்சாளிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். பிறகு, "உன்ர அலுவல் எந்தளவில நிக்குது?" என்று கேட்டார். குடியுரிமையைத்தான் கேட்கிறார்.

தை மாதம் நேர்முகம். நகரசபையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேள்வி கேட்பார்கள். ஏரிகள் எல்லாம் பாடம், மாநிலங்களும் பாடம். வியாழக்கிழமைகளில் இப்போது ஆரணி கேள்வி கேட்கிறாள். என் பிரெஞ்சைத் திருத்துகிறாள், அவளுடைய தமிழை நான் திருத்துகிறேன். இயந்திரம் சுற்றி முடிவதற்குள் இரண்டு பேருக்கும் போதும் போதுமென்றாகிவிடும்.

கடவுச்சீட்டு ஆட்டைக்கு முன் வருமோ என்று தெரியாது. இந்த நாட்டில் எதுவும் அவசரப்பட்டு நடந்ததில்லை. ஆட்டைக்கு வராவிட்டால் அடுத்த வருடம், அதற்கும் வராவிட்டால் அதற்கடுத்த வருடம். ஆனால் போவேன். அன்றைக்கு அம்மாவிடம் போட்டு வாறன் என்று சொன்னவள் நான். அவர் மறுமொழி சொல்லவில்லை என்பதால் நான் சொன்னது இல்லையென்று ஆகிவிடாது. அந்த அடுப்படி வாசலில் போய் நின்று, 'அம்மா, வந்திட்டன்' என்று சொல்லாமல் நான் விடப்போவதில்லை.